‘படிப்பில் ஆர்வமில்லை’ என்ற புகாருக்குப் பின்னால்: வீடு வகுப்பறைக்குள் நுழையும் வழிகள்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்ததும் சென்னைப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டங்கள் தொடங்கிவிடும். மாநகராட்சிப் பள்ளியானாலும் ஆண்டுக்கு லட்ச ரூபாய் கட்டணம் வாங்கும் பள்ளியானாலும் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: “புத்திசாலிப் பையன்தான். ஆனால் படிப்பில் ஆர்வமே இல்லை. வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள்.” எதைக் கவனிப்பது என்று ஆசிரியர் விளக்குவதில்லை; பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது விளக்க நேரமும் இருப்பதில்லை. ஆகவே வீடு திரும்பும் வழியிலேயே தீர்வு முடிவாகிவிடுகிறது. டியூஷன். ஏற்கெனவே டியூஷன் போகிற பிள்ளை என்றால், வேறு டியூஷன்.

பல வீடுகளில் இந்த முடிவு பிரச்சினையை இன்னும் ஆழமாக்குகிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால், குடும்ப வாழ்க்கை ஒரு பிள்ளையின் பள்ளி நாளுக்குள் எந்தெந்த வழியில் நுழைகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

## ஒரு புகார், இரண்டு பிரச்சினைகள்

‘ஆர்வமில்லை’ என்பதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் சேர்ந்து கிடக்கின்றன.

1. பொருந்திப்போதல். பள்ளி என்ற இடத்தோடு பிள்ளை ஒத்துப்போவது. காலையில் வயிற்றுவலி என்று சொல்லாமல் கிளம்புவது, வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க முடிவது, ஓரிரு நண்பர்கள் இருப்பது, சந்தேகம் கேட்கப் பயப்படாதது, திட்டு வாங்கினாலும் அடுத்த பீரியடுக்குள் தெளிந்துவிடுவது எல்லாம் இதில் சேரும்.

2. ஊக்கம். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற உந்துதல். விஷயம் பிடித்துப்போய்ச் செய்தால் அது உள்ளூக்கம். பரிசுக்காகவோ திட்டுக்குப் பயந்தோ ரேங்க்குக்காகவோ செய்தால் அது புறத்தூண்டுதல்.

இவை எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. பள்ளிக்கு ஓடிப்போகிற, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிற, புத்தகத்தை மட்டும் தொடாத பிள்ளைகள் உண்டு. கணக்கு என்றால் உயிரை விடும், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளும் உண்டு. இருவருக்கும் தேவையான உதவி வேறு வேறு. மதிப்பெண் பட்டியலில் மட்டும் இருவரும் ஒரே மாதிரித் தெரிவார்கள்.

இதில் ஒரு வரிசையும் இருக்கிறது. பள்ளியில் பொருந்தாத பிள்ளையின் கவனமெல்லாம் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே செலவாகிவிடும்; பாடத்துக்கு மிச்சம் இருக்காது. முதலில் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

## கடிகாரத்திலிருந்து தொடங்குவோம்

குடும்பத்தின் தாக்கம் என்றதும் அன்பு, அரவணைப்பு என்று பெரிய சொற்களுக்குப் போய்விடுவது வழக்கம். அதற்கு முன்னால் வருவது உறக்கம். 6 முதல் 12 வயதுவரை தினமும் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது.

இந்தக் கணக்கை இரண்டு சென்னை வீடுகளில் வைத்துப் பார்க்கலாம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை பார்க்கும் அப்பா, நெரிசலைத் தாண்டி வீடு சேரும்போது இரவு 9 மணி. அமெரிக்க வாடிக்கையாளரோடு பேச வேண்டிய நாளில் அதற்கும் மேல். அப்பா முகத்தைப் பார்க்காமல் பிள்ளை படுக்காது. சாப்பாடு, கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் செல்போன் என்று படுக்க 11 ஆகிவிடும். பள்ளி வேன் 6.50-க்கே தெருமுனைக்கு வந்துவிடும் என்பதால் 6 மணிக்கு எழுப்பியாக வேண்டும். 8 வயதுப் பிள்ளைக்குக் குறைந்தபட்சக் கணக்கிலேயே தினமும் 2 மணி நேரம் துண்டு விழுகிறது. மூன்றாவது பீரியடில் கொட்டாவி விடும் அந்தப் பிள்ளையின் டைரியில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி வருகிறது.

நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில் இருக்கும் வீடு வேறு மாதிரி. அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளில் வேலை செய்யும் அம்மா விடியும் முன்பே பஸ் பிடித்துவிடுவார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மூத்த பெண் எழுந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து, தம்பியை எழுப்பிப் பல் தேய்க்க வைத்து, அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, தன் இரட்டைப் பின்னலுக்குக் கண்ணாடி முன் நிற்கும்போது பள்ளியில் பிரேயர் மணி அடித்திருக்கும். தாமதமாக வந்தவர்கள் வரிசையில் அவளும் நிற்பாள். பத்து வயதில் ஒரு வீட்டின் காலையையே நடத்திவிட்டு வருகிற பெண், பள்ளிப் பதிவேட்டில் பொறுப்பில்லாதவள்.

இரண்டு வீடுகளிலும் அன்புக்குக் குறைவில்லை. குறைவது நேரமும், இன்ன நேரத்தில் இன்னது நடக்கும் என்ற உறுதியும். எப்போது சாப்பாடு, எப்போது படுக்கை, யார் வீட்டில் இருப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த பிள்ளைக்கு அதைப் பற்றி வகுப்பில் யோசிக்க வேண்டியதில்லை. நாள்காட்டியில் கட்டம் போட்டு நடத்தும் ராணுவ ஒழுங்கு இதற்குத் தேவையில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விளக்கை அணைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். அப்பாவோடு விளையாடுவதைக் காலைப் பத்து நிமிடத்துக்கு மாற்றிக்கொண்ட வீடுகளும் இருக்கின்றன.

## சண்டை எப்படி முடிகிறது?

பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த்தும் வளர்த்தெடுத்த ‘பிணைப்புக் கோட்பாடு’ சொல்வது சுருக்கமாக இதுதான்: திரும்பி வந்தால் பாதுகாப்பான இடம் இருக்கிறது என்று நம்பும் பிள்ளை துணிந்து வெளியே போய்ப் புதியதைத் தொட்டுப் பார்க்கும். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டால் உடல் வகுப்பறையில் இருக்கும், மனது வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

நம்பிக்கையை ஆட்டுவதில் முதலிடம் பெற்றோரின் சண்டைக்கு. “பிள்ளை தூங்கிவிட்டது, ஒன்றும் தெரியாது” என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டிலும் தகர ஷீட் வீட்டிலும் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்க் கம்மிங்ஸும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சண்டை நடந்ததா என்பதோடு, அது எப்படி முடிந்தது என்பதையும் பிள்ளைகள் கூர்ந்து கவனிக்கிறார்கள். தங்கள் கண்ணெதிரே சமாதானம் ஆகிவிட்டால் பதற்றம் பெருமளவு தணிந்துவிடுகிறது. குரல் உயராமல், ஆனால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும் வீடு பிள்ளைக்கு அமைதியான வீடு ஆகாது.

நம் பழக்கம் இதற்கு நேர் எதிர். சண்டை கூடத்தில் நடக்கும். சமாதானம் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். பிள்ளை முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறது.

குடிப்பழக்கம் உள்ள வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு அடைக்கிறது. அதற்குப் பிறகு அப்பா எந்த நிலையில் வருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளைக்குப் பெரியவர்களின் முகத்தையும் குரலையும் எடைபோடுவது பழக்கமாகிவிடும். வகுப்பில் ஆசிரியர் மேசையைத் தட்டினாலே அது உறைந்துபோகும், அல்லது பக்கத்தில் இருப்பவனை அடிக்கும். அடிக்கிற பிள்ளையைப் பள்ளி கவனித்துவிடும். உறைந்துபோகிற பிள்ளைக்கு ‘அமைதியான மாணவி, நல்ல ஒழுக்கம்’ என்று சான்றிதழ் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போவது இந்த இரண்டாவது பிள்ளைதான்.

## ஊக்கம் எங்கே கரைகிறது?

இனி இரண்டாவது பிரச்சினை. அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் இருவரும் 1970-களிலிருந்து உருவாக்கிய கோட்பாட்டின்படி உள்ளூக்கம் நிலைக்க மூன்று வேண்டும். ‘இதில் என் விருப்பத்துக்கும் இடம் உண்டு’, ‘என்னால் முடியும்’, ‘என்னை மதிப்பவர்கள் இருக்கிறார்கள்’ என்ற மூன்று உணர்வுகள். வீட்டில் நடக்கும் எதையும் இந்த மூன்றின் மேல் உரசிப் பார்க்கலாம்.

1. பரிசு. “90-க்கு மேல் எடுத்தால் சைக்கிள்” என்ற பேரம் தெரிந்ததுதான். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மட்டும் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். பிடித்த விஷயத்துக்கு விலை வைத்தால் அது வேலையாகிவிடுகிறது. பிடிக்கவே பிடிக்காத வாய்ப்பாட்டைத் தொடங்கி வைக்கச் சின்னப் பரிசு கொடுப்பதில் பெரிய கேடில்லை; பிள்ளை தானாகச் செய்துகொண்டிருப்பதில் பேரத்தைக் கொண்டுவருவதில்தான் ஆபத்து.

2. பாராட்டு. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரின் 1998 ஆய்வில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினரை “நீ கெட்டிக்காரன்” என்றும் இன்னொரு பகுதியினரை “நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றும் பாராட்டினார்கள். கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்கள் அடுத்து பெரும்பாலும் எளிதான புதிர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கடினமானதில் சறுக்கியதும் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறு மாணவருக்கு எழுதிச் சொல்லும்போது அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூட்டிச் சொன்னார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! இதை வைத்துப் பின்னால் உருவான பள்ளிப் பயிற்சித் திட்டங்கள் எல்லாம் அதிசயம் நிகழ்த்திவிடவில்லை; பெரிய ஆய்வுகளில் அவற்றின் பலன் சிறிதாகவே இருந்தது. ஆனால் வீட்டில் “நம்ம பையன் மூளைக்காரன்” என்று உறவினர் முன்னால் மார்தட்டுவது பிள்ளைக்குச் சுமை என்ற எச்சரிக்கை இன்னும் பொருந்தும்.

3. ஒப்பீடு. மூன்றிலும் மோசமானது இதுதான் என்பது என் கருத்து. புரோகிரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கப் பிள்ளை வருகிறது. கணக்கில் 62. போன முறை 48. பேனாவைத் திறக்கும் முன் கேள்வி வருகிறது: “எதிர்வீட்டுப் பையன் எவ்வளவு?” அவன் 91. அந்த 14 மதிப்பெண் முன்னேற்றம் யாருடைய கண்ணிலும் படாமல் மேசையிலேயே கிடக்கிறது. ‘என்னால் முடியும்’ என்பதற்கு அந்தப் பிள்ளையிடம் இருந்த ஒரே ஆதாரம் அது. பொதுத்தேர்வில் மாநில அளவிலான ரேங்க் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. பல வீடுகளில் அது இன்னும் மாதந்தோறும் வெளியாகிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பெற்றோர் சதுரங்க வீரர் குகேஷை உதாரணம் காட்டுவார்கள். நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளிப் படிப்பை நிறுத்தி, காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை நிபுணரான அப்பா தன் தொழிலை ஒதுக்கி வைத்து ஊர் ஊராகக் கூடவே போனதால்தான் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆக முடிந்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் மேல் பைத்தியம் பிள்ளைக்கு முதலில் வந்தது. பெற்றோரின் தியாகம் அதற்குப் பின்னால் போனது. பிள்ளைக்கே இல்லாத பைத்தியத்தைத் தியாகம் செய்து வரவழைக்கப் பார்க்கும் வீடுகளின் கதையை யாரும் செய்தியாக்குவதில்லை.

## அடியாத மாடு படியாதா?

கண்டிப்பு வேண்டாமா என்ற கேள்வி உடனே எழும். வேண்டும். 1960-களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் செய்த ஆய்வுகளும் அவற்றை 1983-இல் மக்கபி, மார்ட்டின் விரிவாக்கியதும் குழந்தை வளர்ப்பைப் பாசம், கட்டுப்பாடு என்ற இரண்டு அளவுகோல்களில் பார்த்தன. இரண்டும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பொதுவாகப் பள்ளியில் நன்றாகப் பொருந்தினார்கள். இரண்டும் இல்லாத, கண்டுகொள்ளாத வீடுதான் மிக மோசம்.

அமெரிக்க அளவுகோல் நம் வீட்டுக்குப் பொருந்துமா என்பது நியாயமான சந்தேகம். சீனக் குடும்பங்களை ஆய்ந்த ரூத் சாவ் 1994-இல் இதையே எழுப்பினார்: கண்டிப்பை அக்கறையின் அடையாளமாகப் பிள்ளையும் புரிந்துகொள்ளும் பண்பாட்டில் அதன் விளைவு வேறாக இருக்கும் என்றார். தமிழ் வீட்டுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆனால் “ஒன்பது மணிக்கு மேல் டிவி கிடையாது” என்ற கண்டிப்பும், குறைந்த மதிப்பெண்ணுக்குப் பெல்ட்டை எடுப்பதும் ஒரே ரகம் அல்ல. பள்ளியில் அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. பள்ளியில் வாங்காத அடியை வீட்டில் வாங்கும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது ரிப்போர்ட் கார்டை ஒளிக்கத்தான்.

## டியூஷன் வட்டம்

இப்போது பெற்றோர் கூட்டத்துக்குத் திரும்பலாம். பொருந்தாமையை ஊக்கக் குறைவு என்று எடுத்துக்கொண்டால் என்ன நடக்கிறது?

1. தூக்கக் குறைவாலோ வீட்டுப் பதற்றத்தாலோ பிள்ளையின் கவனம் சிதறுகிறது, மதிப்பெண் குறைகிறது.
2. ‘ஆர்வமில்லை’ என்ற தீர்ப்பு வருகிறது. மாலை 6 முதல் 8 வரை டியூஷன்.
3. விளையாட்டு போகிறது. பள்ளி வீட்டுப்பாடம் இரவு 9 மணிக்குத் தொடங்குகிறது. தூக்கம் இன்னும் குறைகிறது.
4. நாளில் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்த ஒரு மணி நேரமும் மிச்சமில்லை. ‘என் விருப்பத்துக்கும் இடம் உண்டு’ என்ற உணர்வு போய்விடுகிறது.
5. இந்த ஐந்தாவது கட்டத்தில்தான் ஆர்வம் உண்மையிலேயே இல்லாமல் போகிறது. முதலில் சொன்ன தீர்ப்பு சரிதான் என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

எல்லா டியூஷனும் கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. பின்னம் புரியாமல் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்குப் பின்னத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பெற்றோரே பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து நான்சி ஹில், டயானா டைசன் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுப்பாடத்துக்கு உதவுவதால் மதிப்பெண் உயர்ந்ததாகத் தெரியவில்லை. படிப்பு எதற்கு, அடுத்து என்ன செய்ய ஆசை, அதற்கு எப்படிப் போவது என்று பிள்ளையோடு பேசிய வீடுகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆங்கிலமோ அல்ஜீப்ராவோ தெரியாத பெற்றோராலும் அதைப் பேச முடியும்.

## வீட்டுக்கு வெளியே இருப்பவை

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பழியை அம்மா தலையில் போட்டுவிட்டுப் போவது எளிது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வீட்டின் நேரத்தை வீடு மட்டும் தீர்மானிப்பதில்லை. வேலை நேரம், கூலி, வாடகை, பஸ் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

காலை உணவு நல்ல சான்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடியும் முன் வேலைக்குப் போகும் அம்மாவிடம் ‘பிள்ளையைச் சாப்பிட வைத்து அனுப்புங்கள்’ என்று அறிவுரை சொல்வதற்கும், பள்ளியிலேயே உப்புமாவும் பொங்கலும் சாம்பாரோடு தட்டில் விழுவதற்கும் உள்ள தூரம் இது.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் குடியமர்த்தப்பட்டபோது, சில வேளைகளில் அது பள்ளி ஆண்டின் நடுவிலேயே நடந்தது. பழைய பள்ளியை விட மனமில்லாத பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் பயணம் செய்தார்கள். மாறியவர்கள் ஒரே நாளில் நண்பர்களையும் தெருவையும் பழகிய ஆசிரியரையும் இழந்தார்கள். படிப்பையே விட்டவர்களும் உண்டு. அவர்களிடம் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

## கூட்டத்தில் கேட்க வேண்டியவை

பெற்றோர் கூட்டத்தில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் இருந்தால் நிறையத் தெரிந்துகொள்ளலாம். மதிப்பெண் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறதே.

1. மதிய இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்?
2. நாளின் எந்த நேரத்தில் சோர்ந்துபோகிறான், முதல் பீரியடிலா கடைசியிலா?
3. இந்தப் போக்கு எந்த மாதத்திலிருந்து?
4. எந்தப் பாடத்தில், எந்த வேலையில் தானாகக் கை தூக்குகிறான்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை வீட்டில் நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆசிரியரும் திரும்பிக் கேட்கலாம்: இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், காலையில் யார் கிளப்புகிறார்கள்? கேட்கிற தொனியில் விசாரணை தெரியாமல் இருந்தால் பதில் உண்மையாக வரும். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர் என்று சட்டமே சொல்கிறது. கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் பள்ளி தொடங்கும் நேரத்தையும் பஸ் நேரத்தையும் பற்றிப் பேசவும் இடம் இருக்கிறது.

சில விஷயங்கள் பெற்றோர், ஆசிரியர் இருவரின் கையையும் மீறியவை. இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளிக்குப் போக மறுப்பது, காரணம் தெரியாத தலைவலி வயிற்றுவலி தொடர்வது, தூக்கத்தில் அலறுவது, உயிரோடு இருப்பதைப் பற்றியே வெறுத்துப் பேசுவது ஆகியவை அந்த வகை. பள்ளிக்கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான 14416, வீட்டிலேயே துன்புறுத்தல் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றில் எதை வேண்டுமானாலும் அழைக்கலாம். நேரில் காட்ட எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. உயிரை வெறுத்துப் பேசும் பிள்ளையை அன்றே அழைத்துப் போக வேண்டும். மற்றவற்றிலும் ‘முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும், லீவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதால்தான் பல பிள்ளைகள் மே மாதம்தான் மருத்துவரிடம் போய்ச் சேருகிறார்கள்.